வெட்கம் நோயை வளர்க்கலாமா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படப்பிடிப்புக்காகக் கேமரன் மலைக்குச் சென்றிருந்தோம். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் உருவான காலம் தொட்டு, அந்த மலைச்சரிவுகளில் கூடை சுமந்தவர்கள் நம் தாய்மார்கள். இன்று கொழுந்து வெட்டுவோரில் பெரும்பாலோர் வெளிநாட்டவர்கள். ஆனாலும் பழைய தலைமுறையினர் சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவரைப் பேட்டி கண்டேன். வயது 58. கேமராவை மூடிய பிறகுதான் அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "மாசத் தீட்டு நின்னு ஏழு வருசமாச்சும்மா. இப்போ மூணு மாசமா மறுபடியும் படுது. இந்த வயசுல இதை யாருகிட்டப் போய்ச் சொல்றது?" என்றார்.

இத்தனைக்கும் இனிப்புநீருக்கு மருந்து வாங்க அவர் தவறாமல் கிளினிக் போகிறவர். சர்க்கரை அளவைச் சொன்ன வாய், இதைச் சொல்லக் கூசியது. அடுத்த வாரமே மகள் அவரைத் தானா ராத்தாவுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து மலை இறங்கி நிபுணரிடம் போனார்கள். சதையில் சிறு துண்டு எடுத்துச் சோதித்ததில், கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது.

நேயர்களே, இந்த நோய் ஒரே இரவில் வருவதில்லை. எச்பிவி என்ற கிருமிதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். தாம்பத்திய உறவால் பரவும் இக்கிருமி, பெரும்பாலோர் உடம்பிலிருந்து ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். சிலரிடம் தங்கிவிட்டால், அது புற்றாக மாற 15 முதல் 20 ஆண்டுகள்கூட ஆகலாம். அத்தனை ஆண்டுகள் நமக்கு அவகாசம் இருக்கிறது. அதை வீணாக்குவது நம்முடைய மௌனம்தான்.

தமிழ்நாட்டுத் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், 2000-இலிருந்து 2003 வரை 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரு சோதனை நடத்தினார்கள். பயிற்சி பெற்ற தாதியர் கருப்பை வாயில் புளிக்காடி அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். மாற்றம் தெரிந்தால் உடனே சிகிச்சை. சோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்நோயால் ஏற்பட்ட மரணம் மற்றக் கிராமங்களைவிட 35 விழுக்காடு குறைந்தது. 2007-இல் லான்செட் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

நம் நாட்டில் இன்னும் எளிய வழி வந்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகம் 2018-இல் தொடங்கிய ரோஸ் திட்டத்தில், பெண்ணே தனியறையில் ஒரு பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். யாரும் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. 2019 முதல் அரசாங்கக் கிளினிக்குகளிலும் எச்பிவி சோதனை படிப்படியாக வந்தது. 30 முதல் 65 வயது வரை, முடிவு நலமென்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை போதும்.

கிருமி இருக்கிறதென்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. மேற்கொண்டு சோதிப்பார்கள். தொடக்க நிலை மாற்றத்தை, பல நேரம் மருத்துவமனையில் தங்காமலே அகற்றிவிடலாம். புற்றாகிவிட்டாலும் ஆரம்பத்தில் அறுவை சிகிச்சை உண்டு. முற்றினால் கதிர்வீச்சும் மருந்தும் உண்டு.

ஒன்றை மறக்காதீர்கள். தீட்டு நின்றபின் இரத்தம், உறவுக்குப் பின் இரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் பஞ்சுக் குச்சி போதாது. மருத்துவர் நேரில் பார்க்கவேண்டும். கருப்பைக்குள்ளும் வேறு கோளாறு இருக்கலாம்.

"கணவர் போய்ப் பத்து வருசமாச்சு, எனக்கு எதற்கு?" என்பார்கள். கிருமி பல்லாண்டுக்கு முன் வந்ததாக இருக்கலாம். அதனால்தான் ஆண்களுக்கும் சொல்கிறேன்: முடிவைக் கேட்டு மனைவியைச் சந்தேகிக்காதீர்கள். மலை இறங்க ஒருநாள் விடுப்பு எடுத்து அவருடன் துணைக்குப் போங்கள்.

2010-இல் பள்ளிகளில் தொடங்கிய தடுப்பூசி நம் மகள்களுக்குக் கிடைத்தது. அவர்களுடைய தாய்க்கும் பாட்டிக்கும் பரிசோதனைதான் காவல். ஊசி போட்ட மகளும் வயது வந்ததும் சோதிக்கவேண்டும்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு உபதேசம் செய்த நானே அதுவரை சோதித்ததில்லை. வேலை, பிள்ளை என்று சாக்குச் சொன்னேன். மலையிலிருந்து இறங்கிய வாரமே போனேன். ஐந்து நிமிடம்தான் ஆனது.

அந்த அம்மா கதிர்வீச்சு சிகிச்சை முடித்து, இன்று வாசலில் கீரை போடுகிறார். தொலைபேசியில் என்னிடம் சொன்னார்: "மூணு மாசம் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேனே, அதாம்மா தப்பு."

இந்த வாரம் உங்கள் அம்மாவிடம், அக்காவிடம், அத்தையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள். நாம்தான் கேட்கவேண்டும்.