கழற்றியதையும் காத்து வைப்போம்



சில மாதங்களுக்கு முன், உறையூரில் ஒரு வீட்டுக்கு அன்பியப் பொறுப்பாளர்களோடு சென்றிருந்தோம். வாசலில் 1968 ஆம் ஆண்டு அம்பாசிடர் கார். ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர் கம்பி. அந்த வீட்டுத் தலைவர் அதை வாடகைக்கு ஓட்டித்தான் இரு மகன்களையும் படிக்க வைத்தார். அவர் இறந்தபின் அந்தக் காரே அவர்களைப் பிரித்துவிட்டது. "ஒரு போல்ட்டைக்கூட மாற்றக் கூடாது" என்றார் மூத்தவர். "டீசல் இன்ஜினும் டிஸ்க் பிரேக்கும் வைத்தால்தான் ஓட்ட முடியும்" என்றார் இளையவர். திருப்பலிக்கு வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள்.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் தயாரான அம்பாசிடர், 2014 இல் நின்றுபோனது. அசல் பாகம் போனால் மீண்டும் கிடைப்பது அரிது. 50 ஆண்டு கடந்த காரைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய, 2021 இல் வந்த மத்திய அரசு விதிப்படி, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவை பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும். ஆனால் அப்படிப் பதிவான காரை அன்றாடம் ஓட்டக் கூடாது.

அப்போது தாயார் பேசினார். "சாமி, வேளாங்கண்ணிக்குச் சவாரி போறதுக்கு முந்தின நாள், பிரேக்கைக் கழற்றிப் பாக்காம இவங்க அப்பா தூங்கமாட்டாரு. தேஞ்சிருந்தா அன்னைக்கே மாத்திடுவாரு. எத்தனை தடவைன்னு எனக்கே கணக்கு இல்ல."

மூத்தவர் தலை குனிந்தார். அசல் என்று அவர் காத்துவந்த பிரேக்கிலேயே அப்பா பலமுறை கை வைத்திருக்கிறார். அப்பாவிடம் மாறாதிருந்தது, வண்டியில் ஏறியவர்களின் உயிர்மேல் அவர் வைத்த அக்கறை.

அன்றே முடிவானது. இன்ஜினும் பாடியும் அப்படியே இருக்கும். பிரேக்கை மாற்றுவது, அதையும் எதையும் வெட்டாமல், வெல்டிங் வைக்காமல், திரும்பக் கழற்றும்படி மாற்றுவது. கழற்றிய பாகங்களை எண்ணெய் பூசித் துணியில் சுற்றி, பெயர் எழுதிப் பெட்டியில் வைப்பது. நாளை பேரன் கேட்டால் கொடுக்கலாம்.

யோவான் நற்செய்தி 20 ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. உயிர்த்த ஆண்டவர் ஆணித் தழும்புகளைத் தம் உடலில் வைத்துக்கொண்டார். தோமா அவற்றால்தான் அவரை அறிந்துகொண்டார். சாவுக்குரிய துணிகளையோ கல்லறையிலேயே விட்டுவிட்டார். தலையை மூடியிருந்த துண்டுகூடச் சுருட்டித் தனியே வைக்கப்பட்டிருந்தது.

நம் வீடுகளிலும் இதே கேள்விதான். தாத்தா காலத்தில் ஏழு மணிக்குச் சொன்ன செபமாலையை, வேலை முடிந்து வரும் பிள்ளைக்காகப் பத்து மணிக்குச் சொல்லலாம். நேரத்தை மாற்றலாம்; செபத்தைக் கழற்றிவிடக் கூடாது. பழையதற்காகச் சண்டையிட்டு, உடன்பிறந்தவரை இழந்துவிடவும் கூடாது.

சென்ற ஞாயிறு அந்த இரு சகோதரர்களும் தாயாரோடு அதே காரில் ஆலயத்துக்கு வந்திறங்கினார்கள். ஒரே பெஞ்சில் அமர்ந்தார்கள்.

எதைக் காப்பது, எதை மாற்றுவது என்றறியும் ஞானத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.