பழைய பதிவேட்டுக்குப் புதிய வாயில்

வங்கியில் நம் கணக்கில் எஞ்சியிருக்கும் தொகையை இன்று கைபேசியில் விரலால் தொட்டு அறிந்துகொள்கிறோம். திரையில் தோன்றும் அந்த எண் எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்று நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. உலகின் பெரிய வங்கிகள் பலவற்றிலும், காப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றிலும், அது மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினியின் பதிவேட்டிலிருந்து வருகின்றது. கைபேசி நேற்றுப் பிறந்த பிள்ளை. மெயின்பிரேமோ அறுபது ஆண்டு கண்ட முதியவர். இருவருக்கும் பேச்சும் வேறு, பழக்கமும் வேறு. இவ்விருவரையும் பேசவைப்பதற்கென்றே இணைப்பு மென்பொருள் உண்டு. அதனை நிறுவி, முறைப்படி அமைத்துக் கொடுக்கும் தொழிலில் பெங்களூரில் பலர் இருக்கின்றனர். அவருள் தமிழரும் பலர். அத்தொழிலில் எது எளிது, எது அரிது, எதில் கவனம் தப்பினால் மீட்க இயலாத இழப்பு நேரும் என்பதே இன்று நாம் கருதப்போகும் பொருள்.

பெங்களூருக்கும் மெயின்பிரேமுக்கும் உறவு புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனம் தன் 360 வரிசைக் கணினிகளை 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் உலகுக்கு அறிவித்தது. அவ்வரிசையைச் சேர்ந்த 360/44 என்னும் இயந்திரம் 1970-களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றியது. 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறிற்று. அது விட்டுச் சென்ற இயந்திரங்களைப் பேணும் பொறுப்பு சி.எம்.சி. என்னும் அரசு நிறுவனத்தைச் சார்ந்தது. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் அலுவலகம் திறந்து, செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவுடன் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டது. 1992-இல் ஐ.பி.எம். டாட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து மீண்டும் வந்தபோது பெங்களூரையே இருப்பிடமாகக் கொண்டது. பிறகு 2000-ஆம் ஆண்டு நெருங்கியது. ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதி வைத்திருந்த பழைய நிரல்களைத் திருத்துவதற்கு ஆள் தேவைப்பட்டது. திருச்சியிலும் கோவையிலும் பொறியியல் பயின்ற இளைஞர் எத்தனையோ பேர் கோபால் மொழியைக் கற்றுக்கொண்டு இவ்வூருக்கு வண்டி ஏறினர். (கோபால் என்று எழுதினால் நம் ஊர்க்காரர் ஒருவரின் பெயராகவே தோன்றுகிறது, அமெரிக்காவில் 1959-இல் உருவாகத் தொடங்கிய மொழி அது.) இயந்திரம் கடலுக்கு அப்பால் இருக்க, அதனை ஆளும் கை எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்பீல்டிலோ இருக்கும் நிலை இவ்வாறு நிலைபெற்றது.

இணைப்பின் அருமையை உணர்வதற்கு ரயில் முன்பதிவைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை. வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு அஃது அனுபவப் பாடம். டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து நடுவங்களில் முன்பதிவுக் கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் வட்டாரத்து வண்டிகளின் பதிவேட்டைத் தன்னிடமே வைத்திருந்தது. ஊருக்குப் போகச் சீட்டு வாங்கியவர், திரும்பி வரும் சீட்டுக்கு அல்லற்பட்ட காலம் அது. கன்சர்ட் என்னும் மென்பொருளைக் கொண்டு 1999-இல் ஐந்து நடுவங்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. பதிவேடு எதுவும் இடம் பெயரவில்லை. ஒன்றை மற்றொன்று கேட்டு விடை பெறும் வழி மட்டுமே புதிதாக உண்டாயிற்று. அவை ஐ.பி.எம். மெயின்பிரேம்கள் அல்ல, வேறு வகைக் கணினிகள். ஆயினும் தத்துவம் ஒன்றே: பதிவேடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், கேள்வி மட்டும் பயணம் செய்யட்டும்.

மெயின்பிரேமில் இப்பதிவேட்டைக் காப்பது பெரும்பாலும் டிபி-2 என்னும் தரவுத்தள மென்பொருள். செய்திகளை அட்டவணைகளாக அடுக்கி, அட்டவணைகளுக்கிடையே உறவு காட்டினால் போதும் என்று 1970-இல் எட்கர் காட் என்னும் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். அக்கருத்து கனிந்து 1983-இல் டிபி-2 ஆக வெளிப்பட்டது. அதனுள் வெளியூர்க் கேள்விகளை ஏற்பதற்கென்றே டி.டி.எப். என்னும் ஒரு பகுதி உண்டு. வீட்டுக்குத் திண்ணை போன்றது அது; வருவோரை முதலில் அங்கே நிறுத்தி விசாரிப்பார்கள். இத்திண்ணைக்கு ஒரு பெயர் சூட்ட வேண்டும். ஒரு கதவு எண்ணும் கொடுக்க வேண்டும். உலக வழக்கில் இதற்கென ஒதுக்கப்பட்ட எண் 446. மறைகுறியீட்டுடன் வரும் தொடர்புக்கு 448. இவ்விரண்டையும் டிபி-2-இன் தொடக்கக் கோப்பில் பதித்தல் வேண்டும். வலைப்பின்னலைப் பேணும் பகுதியிலும் அதே எண்ணை டிபி-2-க்கே உரியதென்று ஒதுக்கி வைக்க வேண்டும். தவறினால் வேறொரு நிரல் அவ்விடத்தில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதைச் செய்வது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அத்தொடக்கக் கோப்பைத் திருத்துவதற்குப் பொதுவாக டிபி-2-ஐ நிறுத்தியாக வேண்டும். வங்கியின் பதிவேட்டைப் பகலில் நிறுத்துவார் எவருமில்லை. நியூயார்க்கில் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு அனுமதி தருவார்கள். குளிர்காலமாயின் அப்போது பெங்களூரில் ஞாயிறு பகல் பன்னிரண்டரை, கோடையாயின் பதினொன்றரை. ஊரெல்லாம் விருந்துண்ணும் வேளையில் இவர்கள் தலையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு அமர்ந்திருப்பர். இக்காரணத்தால் தடைபட்ட பெண்பார்க்கும் படலங்களும் சில உண்டென்பர்.

இனிக் கேள்வி கேட்கும் புறத்தைப் பார்ப்போம். அங்கே ஜே.டி.பி.சி. அல்லது ஓ.டி.பி.சி. என்னும் முறையைச் சேர்ந்த ஓர் ஓட்டியை நிறுவுகின்றனர். உரிமக் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருத்தல் வேண்டும். பிறகு மெயின்பிரேமின் முகவரி, கதவு எண், திண்ணையின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுத்தால் இணைப்புக் கிடைத்துவிடும். இங்கேதான் புதியவர் பலர் மகிழ்ந்து எழுந்துவிடுகின்றனர். கதவு திறந்தது உண்மை. உள்ளே ஒரு வார்த்தை பேசியவுடன் ‘-805’ என்னும் பிழை எண் வந்து நிற்கும். இதன் பொருள் யாதெனில், வருபவர் கேட்கப்போகும் கேள்விகளுக்குரிய பொதிகளை மெயின்பிரேமில் முன்கூட்டியே கட்டிவைக்கவில்லை என்பதாம். இதனைக் கட்டுதல் என்றே தொழிலில் சொல்வர். ஓட்டியின் புதிய பதிப்பை நிறுவும்போதும், கட்டிவைத்த பொதிகள் அப்பதிப்புக்கு ஏற்றவைதாமா என்று பார்த்தல் வேண்டும்.

‘-30081’ என்றால் வழியில் எங்கோ தடை. நெருப்புச் சுவரைக் காப்பவரைத் தேட வேண்டும். ‘-30082’ என்றால் ஆள் அடையாளம் செல்லவில்லை. ‘-551’ என்றால் ஆள் சரி, ஆனால் அந்த அட்டவணையைத் தொட அவருக்கு உரிமையில்லை. மெயின்பிரேம் கோபப்படுவதில்லை, எந்த வாயிலில் நின்றுவிட்டோம் என்பதை எண்ணால் சொல்லிவிடுகிறது. எண்ணைப் படியாமல் எல்லா அமைப்புகளையும் மாற்றிப் பார்க்கும் அவசரமே பல இரவுகளை விழுங்குகிறது.

உரிமை பற்றி ஒரு சொல். கைபேசி வழியே ஆயிரம் பேர் வந்தாலும், இடையிலுள்ள நிரல் ஒரே பயனர் பெயரில் உள்ளே நுழைவதே பரவலான வழக்கம். இது வசதி, ஆனால் நாளை ஒரு கணக்கில் ஐயம் எழுந்தால், தொட்டவர் யார் என்னும் வினாவுக்கு மெயின்பிரேமின் பதிவில் அந்த ஒரே பெயர்தான் விடையாக நிற்கும். உண்மையில் வந்தவரின் பெயரையும் உடன் அனுப்பும் ஏற்பாடு டிபி-2-இல் உண்டு. அதனைத் தொடக்கத்திலேயே அமைப்பது சிறிது வேலை. பின்னால் அமைப்பது பெருவேலை.

இதுகாறும் சொன்ன பிழைகள் யாவும் சத்தமிடுபவை. எண் வரும், வேலை நிற்கும், நாமும் திருத்துவோம். சத்தமின்றி நேரும் பிழை எழுத்துக் குறிகளில் இருக்கிறது. கணினிக்கு எழுத்து என்பதே ஓர் எண். ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் முதலெழுத்துக்கு உலகின் பெரும்பாலான கணினிகளில் 65 என்று எண். மெயின்பிரேமில் அதற்கு 193. துளையட்டைக் காலத்து வழக்கிலிருந்து பிறந்தது இந்த முறை. எப்சிடிக் என்பது அதன் பெயர். எண்ணுருக்கள் பிற கணினிகளில் எழுத்துகளுக்கு முன்னே நிற்க, மெயின்பிரேமில் எழுத்துகளுக்குப் பின்னே நிற்கும். ஆகவே ஒரே பட்டியலை இரு புறமும் வரிசைப்படுத்தினால் இரு வேறு வரிசை கிடைக்கும். இரு முறைகளுக்கும் இடையே பெயர்த்துச் சொல்லும் பணியையும் இந்த இணைப்பு மென்பொருளே செய்கிறது. எந்த முறையிலிருந்து எந்த முறைக்கு என்பதை ஓர் அடையாள எண்ணால் நாம் குறிப்பிட வேண்டும்.

ஆங்கில எழுத்துக்கு எப்சிடிக்கில் இடமுண்டு. வட அமெரிக்காவில் வழங்கும் 37 என்னும் எழுத்துத் தொகுதியில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. யூனிகோடு முறையில் உண்டு. டிபி-2-உம் 2001-இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பு முதல் யூனிகோடை ஏற்கிறது. ஆனால் அட்டவணை பழைய முறையிலேயே இருக்க, புதிய வாயில் வழியாகத் தமிழ்ப் பெயர் ஒன்று உள்ளே சென்றால் என்ன ஆகும்? பெயர்க்கும் மென்பொருள் தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஒரே மாற்றுக்குறியை வைத்துவிடும். மெயின்பிரேமில் அதன் எண் 63. ‘முருகன்’ என்று எழுதினாலும் ‘மாதவி’ என்று எழுதினாலும் உள்ளே கிடப்பது வரிசையாக 63, 63, 63. பிறகு அட்டவணையை யூனிகோடுக்கு மாற்றினும் பெயர் திரும்பி வாராது, அது அழிந்துவிட்டது. பூட்டிய கதவைத் திறக்கலாம், கட்டாத பொதியைக் கட்டலாம். இதற்கு மட்டும் மாற்று இல்லை.

யூனிகோடு அட்டவணையிலும் ஓர் இக்கட்டு உண்டு. முத்துக்குமாரசாமி என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். இலக்கணக் கணக்கில் ஒன்பது எழுத்து. யூனிகோடோ மெய்யையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் பதினேழு குறி. யூ.டி.எப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் பிடிக்கும்; ஆக 51 பைட்டு. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பதினைந்து பைட்டில் அடங்கும். முப்பது பைட்டு என்று என்றோ ஒருவர் அளந்து வைத்த கட்டத்தில் இப்பெயர் எங்ஙனம் நுழையும்? டிபி-2 நேரே பார்த்தால் நீளம் மிகுந்தது என்று மறுத்துவிடும், அது நேர்மை. ஆனால் இடையில் கோபால் நிரல் ஒன்று இருந்தால், அது முப்பது பைட்டில் வெட்டி, வெட்டியதைச் சொல்லாமல் அனுப்பும். மிஞ்சுவது ‘முத்துக்கு’ என்பது மட்டுமே. ஓய்வூதியமோ காப்பீட்டுத் தொகையோ ‘முத்துக்கு’ என்பவருக்கு வழங்கப்படுவதாகத் தாளில் அச்சானால், உரியவர் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதுதான். கன்னட எழுத்துக்கும் இதே மூன்று பைட்டு. எனவே இத்தொல்லை பெங்களூரில் நமக்கு மட்டும் உரியதன்று, அண்டை வீட்டாருக்கும் உரியது.

ஆதலால் இணைப்பை நிறுவிய அன்றே ஒரு சோதனை செய்துவிட வேண்டும். ‘வணக்கம் உலகம்’ என்று ஆங்கிலத்தில் அனுப்பிப் பார்ப்பது போதாது. அது எந்த நிலையிலும் தவறாமல் போய்ச் சேரும். நீண்ட தமிழ்ப் பெயர் ஒன்றைக் கைபேசிப் புறத்திலிருந்து அனுப்பி, உள்ளே பதிவான எண்களைப் பார்க்க வேண்டும். டிபி-2-இல் அதற்கென ஒரு செயற்கூறு உண்டு. ‘ம’ என்னும் எழுத்து யூ.டி.எப்.-8 அட்டவணையில் 224, 174, 174 என்று கிடக்க வேண்டும். 63 என்றோ 26 என்றோ இருந்தால் வாயிலை உடனே மூடிவிட்டு, அடையாள எண்களைத் திருத்தல் வேண்டும். முதல் எண்கள் சரியாக இருந்தால் பெயரின் கடைசிக் குறிவரை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘சாமி’யின் கடைசி இகரக் குறியும் வந்திருந்தால், வாடிக்கையாளருக்கு வாயிலைத் திறந்துவிடலாம்.