சொல்லுக்கு வேலியிடலாமோ?



கோலாலம்பூரில் ஈப்போ சாலையில் 1999ஆம் ஆண்டில் இந்திய வழிவந்த கணவனும் மனைவியும் ஓர் உணவகம் திறந்தனர். மீன்தலைக் கறியும் கோழிக் கறியுமாக அவ்வூரார் நாவுக்குப் பழகிய உணவே அங்குக் கிடைத்தது. பெயர்ப்பலகையில் 'மெக்கறி' என ஆங்கில எழுத்தில் எழுதி, பெருவிரல் இரண்டையும் உயர்த்திக் காட்டும் கோழி ஒன்றின் படத்தையும் வரைந்து, 'மலேசியக் கோழிக் கறி' என ஆங்கிலத்திலேயே விளக்கமும் சேர்த்திருந்தனர். மலேசியா, கோழி என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளோடு கறியைக் கூட்டி அமைத்ததே அப்பெயர் என்பது அவர்கள் கூற்று.

2001-இல் வந்தது வழக்கு. தொடுத்தது, உலகெங்கும் கிளை பரப்பியுள்ள அமெரிக்க விரைவுணவு நிறுவனமாகிய மெக்டொனால்டு. 'மெக்' என்னும் முன்னொட்டு எம் உணவுப் பெயர்களுக்கே உரியது. அதனைப் பிறனொருவன் தன் உணவகத்திற்கு இட்டால் மக்கள் அவ்வுணவகத்தை எம் கிளையென்று மயங்குவர். எம் நற்பெயரை அவன் விலையின்றிக் கொள்கின்றான். இதுவே வழக்கின் பிழிவு. 2006-இல் உயர் வழக்குமன்றம் அந்நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

இங்குச் சற்றே நின்று அப்பெயரைப் பிளந்து பார்த்தல் வேண்டும். 'மக்' என்பது கேலிக்கு மொழிச் சொல். அயர்லாந்திலும் இசுக்காத்துலாந்திலும் வழங்கும் அம்மொழிகளில் அதற்கு மகன் என்று பொருள். அதுவே ஆங்கில எழுத்தில் குறுகி 'மெக்' என ஆயிற்று. நம்மவர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிடுவது போல, அவர்கள் மகன் என்னும் சொல்லையே முன்னிட்டுக் குடிப்பெயர் அமைத்தனர். (மக்கும் மகனும் ஒலியால் ஒத்திருத்தல் கண்டு மகிழ்வார் மகிழ்க, இவ்வழக்கிற்கு அது வேண்டுவதன்று.) 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இசுக்காத்துலாந்தில் அம்மொழி பேசுவோர் ஏறத்தாழ 57,000 பேரே. தேய்ந்துவரும் ஒரு மொழியின் வீட்டுச்சொல்லைத்தான், கடல்கடந்த நிறுவனம் ஒன்று தன் உடைமை என்றது. எஞ்சிய பாதியோ கறி. ஆங்கிலேயர் வாயில் 'கர்ரி' எனத் திரிந்து வழங்கும் அச்சொல் தமிழினின்று சென்றதென ஆங்கில அகரமுதலிகளே ஒப்புகின்றன. ஆக முற்பாதி கேலிக்கர் சொல்; பிற்பாதி தமிழர் சொல். வழக்குத் தொடுத்தவர் படைத்த சொல் அதனுள் ஒன்றுமில்லை.

2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு மன்றம் கீழ்மன்றத் தீர்ப்பை மாற்றியது. அம்மன்றம் முன்னொட்டை மட்டும் பிரித்தெடுத்துப் பாராமல், கடையின் முழுத் தோற்றத்தையும் நோக்கிற்று. அந்நிறுவனத்தின் அடையாளம் பொன்வளைவாய் அமைந்த 'எம்' எழுத்து. இவ்வுணவகப் பலகையிலோ வெள்ளையும் சாம்பலுமான எழுத்தும் கோழிப்படமும். அங்கு விற்பது பர்கர். இங்கு விற்பது கறி. அங்கு உணவுப் பெயர்களில் 'மெக்' ஒட்டு வரும். இங்கு எந்த உணவுக்கும் அவ்வொட்டு இல்லை. இரண்டிற்கும் செல்வோரும் வேறானவர். மீன்தலைக் கறி தேடி வருபவன், அமெரிக்க உணவகத்தினுள் நுழைந்துவிட்டோம் என எங்ஙனம் மயங்குவான்? 'மெக்' என்பதற்குத் தனியுரிமை கொண்டாடல் ஆகாது என்பதே முடிவு. கூட்டரசு மன்றத்தில் மேலும் முறையிட அந்நிறுவனம் இசைவு கேட்டது. 2009 செப்டம்பர் 8-இல் அம்மன்றம் இசைவு மறுத்ததோடு, செலவுத்தொகையாக 10,000 வெள்ளி செலுத்துமாறும் பணித்தது.

வெற்றிதான். ஆயினும் கணக்கிட்டுப் பார்மின்! எட்டாண்டு, மூன்று மன்றம், வழக்காடியது ஒற்றைக் கடை. எதிரிக்கு அச்செலவு கடலில் துளி. இவர்க்கோ அடுப்பில் ஈட்டியது. இத்தகைய வழக்குகளில் சிறுவணிகர் தோற்கும் இடம் பெரும்பாலும் மன்றம் அன்று. வழக்குரைஞர் மடல் வந்து சேரும் அந்நாளே தோற்றுவிடுகின்றனர். 1996-இல் இங்கிலாந்தில், இசுக்காத்துலாந்துப் பெண்மணி ஒருவர் தம் சிறிய சாண்டுவிச்சுக் கடைக்குத் தம் நாட்டு மணம் வேண்டி 'மெக்' என்று தொடங்கும் பெயர் வைத்திருந்தார். பர்கர் விற்பவரும் அல்லர். அதே நிறுவனத்தின் எதிர்ப்பால் அப்பெயரைக் கைவிட்டார். மெக் என்பது தம் முன்னோர் மொழி என்று வாதிட அவருக்கு உரிமை இருந்தது. எட்டாண்டு வழக்காடும் பொருள்வளம் இருந்திருக்குமோ?

அந்நிறுவனப் பெயரின் பிறப்பையும் அறிதல் நன்று. அயர்லாந்து வழிவந்த மெக்டொனால்டு உடன்பிறந்தார் இருவர், ரிச்சர்டும் மாரிசும், 1940-இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் தொடங்கிய கடையே அதன் வேர். 1961-இல் ரே கிராக் என்பார் 27 நூறாயிரம் தாலர் கொடுத்து அவ்வணிகத்தை வாங்கினார். முதற்கடை மட்டும் உடன்பிறந்தாரிடமே நின்றது, பெயர் நிற்கவில்லை. தம் தந்தையின் குடிப்பெயரைத் தம் கடைமேல் எழுத அவர்களுக்கு உரிமை இல்லாது போகவே, அதனைப் 'பெரிய எம்' என்று பெயர் மாற்றினர். கிராக்கு அதன் அருகிலேயே மெக்டொனால்டு கடை ஒன்றைத் திறந்தார். சில ஆண்டுகளில் முதற்கடை மூடப்பட்டது. அவர்கள் விற்றுக் கைப்பொருள் பெற்றவர்களே. வஞ்சிக்கப்பட்டார் என்று முழுதும் கூறிவிட இயலாது. எனினும் மகன் என்னும் ஒட்டைத் தாங்கிய பெயர் மக்களுக்கே விலக்கப்பட்டது என்பது எண்ணத் தக்கது.

இனி அயர்லாந்தில் நடந்தது. பள்ளியாசிரியராகப் பயின்ற பாட் மெக்டோனா என்பார் 1978-இல் பாலினசுலோ என்னும் சிறுநகரில் 'சூப்பர்மக்சு' என்ற உணவகம் தொடங்கினார். அது அவர் பந்தாட்டக் களத்தில் பெற்ற பட்டப்பெயர். கடை நாடெங்கும் கிளைத்தது. ஐரோப்பாவிலும் அப்பெயரைப் பதிய முனைந்தபோது, 'பிக் மக்' என்னும் தம் பர்கர்ப் பெயரொடு மயங்கும் என்று மெக்டொனால்டு தடுத்தது. மெக்டோனா தளர்ந்திலர். 2017-இல் அந்தப் 'பிக் மக்' பதிவையே நீக்கவேண்டும் என்று எதிர்வழக்கிட்டார். பதிந்த பெயரை ஐந்தாண்டு மெய்யாகவே பயன்படுத்தியதற்குச் சான்று காட்டல் சட்டம். பெருநிறுவனம் காட்டியவை தம் அலுவலர் உறுதியுரைகள், விளம்பரத் தாள்கள், வலைத்தளப் பக்கங்கள், விக்கிப்பீடியாப் பக்கம் ஒன்று! 2019 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் உடைமை அலுவலகம் இவை போதா என்று பதிவை நீக்கியது. மேல்முறையீட்டில் பெரும்பகுதி மீண்டது. ஆயின் 2024 சூன் 5-இல் ஐரோப்பியப் பொதுமன்றம், கோழியிறைச்சி சாண்டுவிச்சுகளுக்கும் உணவகப் பணிகளுக்கும் அப்பெயரில் அந்நிறுவனத்திற்கு இருந்த உரிமையை நீக்கித் தீர்ப்பளித்தது. மாட்டிறைச்சிப் பர்கருக்கு உரிமை இன்னும் உண்டு. யாவரும் அறிந்த பெயராயினும் தாளில் சான்றின்றேல் மன்றம் ஏற்பதில்லை.

பெயர்க்காப்பே தீது என்பது கருத்தன்று. இருபதாண்டு உழைத்துச் சிறுகடைக்காரன் வளர்த்த பெயரை, அண்டைத் தெருவான் ஓரெழுத்து மாற்றி எழுதிக்கொண்டால், அவனைத் தடுக்க உதவுவதும் அதே சட்டமே. கறி விற்பார்க்கு 'மெக்' எதற்கு என வினவுவாரும் உளர். பொருந்திய வினா, நல்ல தமிழ்ப்பெயர் இட்டிருப்பின் அவ்வலைச்சல் நேர்ந்திராது. ஆயின் பெயர் தேர்வதில் சுவைக்குறை வேறு. பிறர் உடைமையைக் கவர்தல் வேறு. முன்னதற்கு வழக்கில்லை.

நம் நாட்டில் கடை வைத்திருப்போர் அறிய வேண்டுவன சில. 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒரு பெயரை முழுமையாகப் பதிந்தமையானே அதனுள் அடங்கிய, வணிகத்தில் யாவரும் ஆளும் பொதுச்சொல்லுக்குத் தனியுரிமை வந்துவிடாது. ஒருவர் பதியுமுன்பும் பயன்படுத்துமுன்பும் தொடங்கி இடைவிடாது அப்பெயரை ஆண்டுவருபவரை 34ஆம் பிரிவு காக்கின்றது. நன்னோக்கத்தோடு தன் சொந்தப் பெயரை ஆள்வாரை 35ஆம் பிரிவு காக்கின்றது. வழக்கும் தொடாது, சான்றும் காட்டாது, வெறும் மடலால் அச்சுறுத்துவார்மேல் வழக்கிட 142ஆம் பிரிவு வழி தருகின்றது. 2017ஆம் ஆண்டின் விதிகளில், தனியாளும் சிறுதொழிலும் மின்வழியில் ஒரு வகைச் சரக்கிற்குப் பெயர் பதிய வகுத்த கட்டணம் 4,500 உருபா, ஏனையோர்க்கு 9,000. பதிவு பத்தாண்டு நிற்கும். பின் புதுப்பித்தல் வேண்டும்.

34ஆம் பிரிவு வாய்ச்சொல்லால் உதவாது. கடை திறந்த ஆண்டின் உரிமத்தாள், பழைய விற்பனைச் சீட்டு, அச்சகத்தார் கொடுத்த பற்றுச்சீட்டு, நாள் தெரியும் பெயர்ப்பலகைப் படம் ஆகியவையே அங்குப் பேசும். நம் வணிகர் பலரும் ஆண்டுதோறும் கடைக்கு வெள்ளையடிக்கும்போது முதலில் எரிப்பவை இவையே.