எந்தக் கணினி மொழிக்குக் கூட்டம் அதிகம்?

நிரல் எழுதக் கற்க நினைக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் முதலில் கேட்பது, "இப்போ எந்த மொழி நம்பர் ஒன்?" என்பதுதான். தேடிப் பார்த்தால் ஒரு பட்டியலில் பைத்தான் முதலிடத்தில் இருக்கிறது, இன்னொன்றில் ஜாவாஸ்கிரிப்ட், மூன்றாவதில் டைப்ஸ்கிரிப்ட். மூன்றுமே பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு பட்டியலும் எண்ணும் பொருள் வேறு. என்ன எண்ணினார்கள் என்று கேட்காமல், பட்டியலைப் பார்த்த வேகத்தில் கோர்ஸுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

மொழிகளின் இணையதளங்களுக்கு எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று பார்த்து ஒப்பிடுவது பழைய வழக்கம். நெடுங்காலம் அதற்கு உதவியது அலெக்ஸா தரவரிசை. நம் வீட்டில் பாட்டுப் போடும் அலெக்ஸா இல்லை; அமேசான் 1999-ல் வாங்கிய வேறொரு நிறுவனம். உலவியில் அதன் டூல்பாரைப் போட்டிருந்தவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பதுதான் வெகுகாலம் அதன் கணக்கு. தொடக்கத்தில் அது விண்டோஸில் ஓடும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான கருவி. லினக்ஸில் வேலை செய்யும் நிரலாளர் அந்தக் கணக்கில் எப்படி வருவார்? ஒரு லட்சத்துக்கு அப்பால் உள்ள இடங்களை நம்பவேண்டாம் என்று அந்த நிறுவனமே எச்சரித்தது. 2022 மே 1-ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். இப்போது சிமிலர்வெப் போன்றவை தருவதும் மதிப்பீடுதான். உண்மையான எண்ணிக்கை அந்தந்தத் தளத்தை நடத்துகிறவர்களின் சர்வரில் இருக்கிறது.

சரி, எண்ணிக்கை துல்லியமாகவே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒப்பிட முடியாது. ஏன் என்று சொல்கிறேன், இதுதான் முக்கியம். பிஎச்பி மொழிக்குக் கையேடு, பதிவிறக்கம், பயனர் குறிப்புகள் எல்லாம் ஒரே முகவரியில் இருக்கின்றன. ஒரு ஃபங்ஷனின் பெயர் மறந்தால்கூட அங்கேதான் போவார்கள். சி ஷார்ப்போ மைக்ரோசாஃப்ட் தளத்தில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. ஜாவாவின் ஆவணங்கள் ஆரக்கிள் தளத்தில். அந்த வாசலில் நுழைகிறவர் நிரல் எழுத வந்தாரா, டேட்டாபேஸ் வாங்க வந்தாரா என்று வெளியே இருப்பவர் எப்படிப் பிரிப்பார்? ஜாவா டாட் காம் என்ற தளத்துக்கு வந்தவர்களில் பலர், ஏதோ ஒரு மென்பொருளை ஓட்டுவதற்காக ஜாவாவைப் பதிவிறக்க வந்த சாதாரணப் பயனர்கள். சி மொழிக்கு நெடுங்காலம் அதிகாரபூர்வத் தளம் என்று ஒன்று இருந்ததே இல்லை. ரூபி கற்கிறவர்களில் ஏராளமானோர் ரெயில்ஸ் என்ற வலைக் கட்டமைப்பு வழியாக வருகிறார்கள். அதற்குத் தனித் தளம். கோ மொழி தன் முகவரியையே மாற்றிக்கொண்டது. பழைய முகவரியை மட்டும் கவனித்தவருக்கு அந்த மொழி செத்துப்போனதாகத் தோன்றியிருக்கும்!

மற்ற பட்டியல்களையும் இதே கண்ணோடு பாருங்கள். நெதர்லாந்தின் டியோபி நிறுவனம் மாதாமாதம் வெளியிடும் பட்டியல், மொழியின் பெயரோடு 'புரோகிராமிங்' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடினால் தேடுபொறிகள் எத்தனை பக்கங்களைக் காட்டுகின்றன என்று எண்ணுகிறது. 2004-ல் கூகுள் தன் தேடலைச் சுத்தம் செய்தபோது ஜாவாவும் சி பிளஸ் பிளஸ்ஸும் அதில் சரிந்தன. உலகத்தில் யாரும் ஜாவாவைக் கைவிடவில்லை, கூகுள்தான் மாறியது. பிவைபிஎல் பட்டியல், 'டுடோரியல்' என்று சேர்த்துக் கூகுளில் தேடுகிறவர்களை எண்ணுகிறது, அதாவது கற்க வருகிறவர்களை. ரெட்மாங்க் பட்டியல், நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப்பையும் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையும் சேர்த்துப் பார்க்கிறது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அந்தச் சரிவை மொழியின் சரிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டியோபியில் அண்மைக்காலத்தில் முதல் பத்துக்கு வெளியே போன பிஎச்பியைப் பாருங்கள்: சர்வர் பக்க மொழி இன்னதென்று தெரிந்த வலைத்தளங்களில் பத்துக்கு ஏழுக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன என்கிறது டபிள்யூ3டெக்ஸ் கணக்கு. வேர்ட்பிரஸ் முழுக்க அதை நம்பித்தான் நிற்கிறது.

நீங்களே ஒப்பிட விரும்பினால் ஒரு நல்ல வழி சொல்கிறேன். விக்கிப்பீடியா தன் கட்டுரைகளின் பார்வை எண்ணிக்கையை 2015 ஜூலை முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. எல்லா நிரல் மொழிகளும் ஒரே தளத்தில், ஒரே முறையில் எண்ணப்படுகின்றன. தானியங்கி வருகைகளைத் தனியே பிரித்துக் காட்டுகிறார்கள். அது ஆர்வத்தைத்தான் காட்டும், வேலைவாய்ப்பை அல்ல. ஆனால் நாணயமான எண். கூகுள் டிரெண்ட்ஸைப் பார்ப்பதானால் வெறும் 'பைத்தான்' என்று தட்டாதீர்கள், மலைப்பாம்பைத் தேடியவர்களும் சேர்ந்துவிடுவார்கள். பெயருக்குக் கீழே நிரல் மொழி என்று காட்டும் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதத்து ஏற்ற இறக்கத்தை ஒதுக்கிவிட்டு ஐந்து வருடக் கோட்டைப் பாருங்கள். ஒரே கருவி, ஒரே காலம், ஒரே நாடு. இதில் ஒன்று மாறினாலும் ஒப்பீடு போச்சு.

வேலைக்காகத்தான் கற்கிறீர்கள் என்றால் இவற்றைவிட நேரான வழி உண்டு. ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் இதழ் வேலை விளம்பரங்களை மட்டும் வைத்துத் தனிப் பட்டியல் போடுகிறது. அதில் சில ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது டேட்டாபேஸில் தகவல் தேடப் பயன்படும் எஸ்கியூஎல். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் 'அது ஒரு மொழியா' என்று ஒதுக்குகிற அதே எஸ்கியூஎல்! ஆகவே அடுத்த கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன், நீங்கள் வேலை பார்க்க விரும்பும் ஊரின் பெயரைப் போட்டு, அனுபவம் இல்லாதவர்களுக்கான வேலை விளம்பரங்களைத் தேடுங்கள். அவற்றில் என்னென்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். அந்த நோட்டை வைத்து முடிவெடுங்கள்.