சொந்த ஊரே முதல் பாடம்

(ஆசிரியர் கலந்துரையாடல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெஸ்டலாசி என்ற பெயரை நாம் எல்லோரும் பி.எட். தேர்வில் எழுதியிருப்போம். அவர் பள்ளி நடத்திய ஊரைப் பற்றி அதிகம் எழுதியிருக்க மாட்டோம். சுவிட்சர்லாந்தில் நூஷாதேல் ஏரியின் தென்முனையில் இவெர்தோன் என்றொரு சிற்றூர். அங்குள்ள பழைய கோட்டைக்குள்தான் 1805 முதல் 1825 வரை அவருடைய பள்ளி நடந்தது. புவியியல் வகுப்பென்றால் முதலில் பிள்ளைகளை ஊருக்கு வெளியே உள்ள பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போவார்கள். பார்த்து முடித்ததும் அங்கிருந்தே களிமண் எடுத்து வருவார்கள். பார்த்த மேடு பள்ளத்தை மேசைமேல் மண்ணால் செய்து முடித்த பிறகுதான் வரைபடம் கையில் தரப்படும். புகழ்பெற்ற புவியியலாளர் கார்ல் ரிட்டர் அந்தப் பள்ளிக்கு நேரில் போய்க் கற்றுக்கொண்டவர்.

அவர்களுக்கு ஒரு கோட்டை, ஓர் ஏரி, ஒரு பள்ளத்தாக்கு இருந்தன. செஞ்சியைச் சுற்றியுள்ள நமக்கு என்ன குறை? அவலூர்பேட்டையில் பணியாற்றும் ஓர் ஆசிரியராக, வகுப்பில் செய்து பார்த்தவற்றையே இங்கே சொல்கிறேன்.

முதலில் நிலம். நம் பகுதியின் மலைகளைப் பாருங்கள். உருண்டைக் கருங்கற்களை யாரோ அடுக்கி வைத்ததுபோல இருக்கும். "பூதம் வைத்தது சார்" என்பார்கள் பிள்ளைகள். வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, மழைநீர் இறங்கிப் பாறை வெங்காயத் தோல்போல உரிந்து உருண்டையாகிறது என்பதைப் படத்தைக் காட்டி விளக்க வேண்டியதில்லை; சன்னல் வழியே காட்டலாம். பாறைச் சிதைவு என்ற சொல் அதன் பிறகு தானாக மனத்தில் நிற்கும்.

அடுத்தது ஆறு. சங்கராபரணி செஞ்சிப் பகுதி மலைகளில் தோன்றி, வீடூர் அணையைக் கடந்து, புதுச்சேரி அருகே கடலில் கலக்கிறது. மலையில் பிறந்து கடலில் முடியும் ஓர் ஆற்றின் முழுக்கதையும் நமக்கு ஒரு நாள் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. கங்கையின் கிளையாறுகளை ஒப்பிக்கும் மாணவர், தம் ஊர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே தண்ணீர் எந்த ஊர் ஏரிக்குப் போகும் என்று சொல்லத் தெரியாமல் நிற்கக்கூடாது.

இனி வரலாறு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. ஊரின் பெயர்களை வைத்தே ஒரு பாடம் நடத்தலாம். பிஜப்பூர் சுல்தானியர் இதைப் பாதுஷாபாத் என்றார்கள். மொகலாயர் நுஸ்ரத்கட் என்றார்கள். ஆங்கிலேயர் ஜிஞ்சி என்று எழுதினார்கள். ஆள்பவர் மாற மாற ஏட்டில் பெயர் மாறியது. மக்கள் வாயில் செஞ்சியாகவே நின்றது. ஏன் அப்படி என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பிள்ளைகள் பேசுவார்கள்.

1677-இல் சிவாஜி இக்கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கு தங்கியிருந்தபோது 1690-இல் மொகலாயப் படை முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698-இல். "அத்தனை ஆண்டு உள்ளே இருந்தவர்கள் எதைச் சாப்பிட்டார்கள், தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?" என்பதுதான் நல்ல கேள்வி. களஞ்சியம், செட்டிக்குளம், சக்கரைக்குளம், மலை உச்சிச் சுனை என்று அவர்களே விடை தேடிப் போவார்கள்.

தேசிங்கு ராஜன் கதை நம் பிள்ளைகளுக்குக் கூத்திலும் பாட்டிலும் தெரியும். 1714-இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லாகான் படையோடு போரிட்டு அவன் மடிந்தது வரலாறு. பறக்கும் குதிரையும், உயிர்த்தோழன் மகபத்கானின் தியாகமும் மக்கள் பாடிய கதை. கதையைப் பொய் என்று ஒதுக்க வேண்டாம். கல்வெட்டு, அரசு ஆவணம், கதைப்பாடல் ஆகிய மூன்றும் மூன்று வகைச் சான்று. ஒவ்வொன்றிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று சொல்லித் தரலாம்.

கோட்டையோடு நின்றுவிடக் கூடாது. திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் உள்ளன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் துறவியைப் பற்றிய கல்வெட்டும் அங்கே இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இல்லாமல் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்லில் பொறித்த மண்டகப்பட்டும் நம் மாவட்டம்தான். மேல்சித்தாமூரில் இன்றும் தமிழ்ச் சமணர் மடம் இயங்குகிறது.

மூன்றாவது, அன்றாட வாழ்க்கை. பலரும் இதைப் பாடமாகவே கருதுவதில்லை. நிலக்கடலையை நம் பக்கம் மல்லாட்டை என்கிறோம். ஒரு மாணவர் தேர்வில் அப்படி எழுதினால் சிவப்பு மையில் அடிக்கிறோம். அடிப்பதற்கு முன் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், பிலிப்பைன்ஸின் மணிலா பெயரைச் சுமந்து நம் கொல்லைக்கு வந்த கதை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. உலக வணிக வரலாற்றுக்கு இதைவிட நல்ல தொடக்கம் ஏது?

எங்கள் ஊர் மார்க்கெட் கமிட்டியைப் பற்றி ஏழாம் வகுப்பில் பேசினோம். நெல் எப்படி வருகிறது, ஈரம் எப்படிப் பார்க்கிறார்கள், விலை எப்படி முடிவாகிறது என்று கேட்டேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி எழுந்தாள். அப்பா மூட்டை தூக்குபவர். அரிசியைப் பல்லில் கடித்தே ஈரம் சொல்லும் வியாபாரியிலிருந்து, மூட்டைக்கு இத்தனை ரூபாய் கூலி என்பதுவரை பத்து நிமிடம் பேசினாள். கணக்குப் பாடத்துக்கான ஆறு கேள்விகளை அன்று அவள் பேச்சிலிருந்தே எடுத்தோம்.

இதில்தான் நம் கவனம் வேண்டும். பாடநூலில் தம் ஊரும் தம் வீட்டுத் தொழிலும் இல்லாதபோது, அறிவு என்பது வேறெங்கோ இருக்கிறது, நம்மிடம் இல்லை என்று பிள்ளைகள் முடிவு செய்துகொள்கிறார்கள். இடைநிற்றலுக்கு வறுமை மட்டும் காரணமல்ல. இந்த எண்ணமும் ஒரு காரணம் என்பது என் அனுபவம்.

2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் 12 கோட்டைகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. இனி வெளியூர் மக்கள் கூடுதலாக வருவார்கள். மதிலில் ஆணியால் பெயர் கீறுவதைத் தடுக்க அறிவிப்புப் பலகை போதாது. அந்த மதிலை அளந்து, கணக்குப் போட்டு, படம் வரைந்த மாணவர் அதில் கீறமாட்டார்.

செலவில்லாத மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, களிமண்ணில் உங்கள் ஊர்: மலை, ஏரி, கால்வாய், தெரு. அதன் பிறகே வரைபடம். இரண்டு, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ஐந்து கேள்விகள்: பழைய பயிர், பழைய அளவை, கிணற்றின் ஆழம், பள்ளிக்கு நடந்த தூரம், மறைந்துபோன தொழில். மூன்று, வகுப்புக்கு ஒரு நோட்டு. அதில் ஊரின் சொற்களைப் பிள்ளைகளே எழுதட்டும். பக்கத்தில் பாடநூல் சொல்லும் இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டுகளைக் கொண்டுவாருங்கள். பத்துப் பள்ளிகளின் நோட்டுகள் சேர்ந்தாலே நம் வட்டாரத்துக்கு ஒரு துணைப்பாட நூல் கிடைத்துவிடும்.