சிறிய அடுப்பு, காய்ந்த விறகு



லண்டனில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிபோகிறோம். வரவேற்பறைச் சுவரில் விக்டோரியா காலத்துக் கணப்பு ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அதில் நாலு விறகைப் போட்டு எரித்தால் என்ன என்று தோன்றும். எரிவாயுக் கட்டணம் ஏறிய பிறகு இந்த ஆசை பலருக்குக் கூடியிருக்கிறது. ஆனால் லண்டனின் பெரும்பகுதி சட்டப்படி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. பர்மிங்ஹாமும் மான்செஸ்டரும் அப்படித்தான். அங்கெல்லாம் திறந்த கணப்பில் விறகு எரிக்கக் கூடாது. புகையில்லா எரிபொருள் என்று அனுமதி பெற்றதை மட்டுமே அதில் எரிக்கலாம். விறகுதான் வேண்டுமென்றால், அதற்கென விலக்கு பெற்ற அடுப்பு வேண்டும். அந்த அடுப்பை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் மேல் எரிச்சல் வராது. 1952 டிசம்பர் 5ஆம் தேதி லண்டன் மேல் பனிமூட்டம் கவிந்தது. காற்று அசையவில்லை. இலட்சக்கணக்கான வீடுகளின் நிலக்கரிப் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தங்கிவிட்டது. ஐந்து நாள். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் புகை உள்ளே புகுந்து இசை நாடகத்தையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை இருக்கலாம் என்றன. அரசாங்கம் உடனே அசையவில்லை. ஜெரால்ட் நபாரோ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்து நெருக்கிய பிறகுதான் 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இன்று நம் வீட்டுப் புகைபோக்கியைக் கட்டுப்படுத்துவது அதன் வழிவந்த 1993ஆம் ஆண்டுச் சட்டம்.

இங்கிலாந்தில், கட்டுப்பாட்டுப் பகுதியில் உங்கள் புகைபோக்கியிலிருந்து புகை வந்தால் கவுன்சில் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் போடலாம். விலக்கு பெறாத அடுப்பில் எரிக்க விறகு வாங்கினால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகும். உங்கள் தெரு இந்தப் பகுதிக்குள் வருகிறதா என்பதை கவுன்சிலிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தைப்பொங்கலுக்குப் பின்தோட்டத்தில் விறகு மூட்டிப் பொங்குகிறோமே, அதற்கும் தடையா என்று கேட்கலாம். இந்தச் சட்டம் பார்ப்பது கட்டடத்தின் புகைபோக்கியை. தோட்டத்து அடுப்பு இதில் வராது. ஆனாலும் அக்கம்பக்கத்தார் மூச்சுமுட்டும்படி புகைத்தால் தொல்லைச் சட்டம் என்று இன்னொன்று இருக்கிறது.

இனி கடைக்குப் போவோம். அங்கே காதில் அடிக்கடி விழும் சொல் ‘எகோடிசைன்’. 2022 ஜனவரி 1 முதல் சந்தைக்கு வரும் புதிய அடுப்புகள் எல்லாமே அந்தத் தரத்தை எட்டியாக வேண்டும். அதனால் அது ஒரு தனிச் சிறப்பு ஆகாது. முக்கியமாக, எகோடிசைன் தரம் இருப்பதாலேயே கட்டுப்பாட்டுப் பகுதியில் எரிக்கலாம் என்று பொருளில்லை. அதற்கு வேண்டியது டெஃப்ரா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சுற்றுச்சூழல் துறையின் விலக்குப் பட்டியலில் இடம். கம்பெனிப் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தால் போதாது. ஒரே கம்பெனியில் ஒரு மாடலுக்கு விலக்கு இருக்கும், பார்க்க அதே மாதிரி இருக்கும் இன்னொன்றுக்கு இருக்காது. மாடல் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். எந்த எரிபொருளுக்கு விலக்கு என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். விறகும் கரியும் இரண்டும் எரியும் என்று விற்கும் அடுப்புக்குக்கூட இந்த விலக்கு விறகுக்கு மட்டுமே இருப்பதுண்டு.

பட்டியலில் பெயர் இருந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அநேகம். என் கவலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு அடுப்பு ஏன் புகைகிறது, ஏன் புகையாமல் எரிகிறது என்று புரிந்துகொண்டு வாங்கினால்தான் அந்த விலக்குக்கு அர்த்தம் உண்டு.

விறகு அப்படியே நேராகப் பற்றி எரிவதில்லை. சூடேறியதும் முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. பிறகு மரமே சிதைந்து வாயுவாகக் கிளம்புகிறது. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி வாயுவாகத்தான் வெளியேறும், மிஞ்சுவதுதான் கரி. அந்த வாயுவுக்குப் போதுமான சூடும் காற்றும் கிடைத்தால் சுவாலையாகிறது. கிடைக்காவிட்டால் புகையாகிப் புகைபோக்கி வழியே போகிறது. ஊரில் விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இது கண்ணால் கண்ட சங்கதி. அடுப்பு புகைந்து கண்ணைக் கரிக்கும். ஊதாங்குழலை எடுத்து இரண்டு ஊது ஊதினால் குப்பென்று பற்றும்; மறுநொடி புகையைக் காணோம். அந்தப் புகையே எரிந்து சூடாகிவிட்டது. நல்ல அடுப்பு இந்த வேலையை யாரும் ஊதாமலே செய்கிறது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து சூடான காற்று ஒன்று கீழே வழிந்து இறங்கும். கண்ணாடி கரி படியாமல் இருப்பதும் அதனால்தான். பின்சுவரில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். அவற்றின் வழியே வரும் காற்று, விறகுக்கு மேலே திரளும் வாயுவில் கலந்து அதை எரிக்கும். நன்றாக எரியும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். விறகைத் தொடாமல், அந்தத் துளைகளின் வாயில் நீல விளிம்போடு சுவாலை நிற்பது தெரியும்.

இதற்கெல்லாம் உள்ளே கடும் சூடு வேண்டும். ஆகவே நீங்கள் எடுக்கும் முதல் முடிவும் பெரிய முடிவும் அடுப்பின் அளவு. நாம் எதை வாங்கினாலும் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும் என்று வாங்குவோம். அரிசிப் பானைக்கு அது சரி. விறகடுப்புக்கு அதுவே கேடு. அறைக்குப் பொருந்தாத பெரிய அடுப்பை மூட்டினால் அரைமணியில் அறை கொதிக்கும். உடனே காற்றுப் பிடியை இழுத்து அடைப்போம். காற்று குறைந்ததும் தீ தணிந்து, விறகு கனன்று புகைந்துகொண்டே கிடக்கும். கண்ணாடி கறுக்கும், புகைபோக்கிக்குள் தார் படியும், அந்தத் தார் ஒருநாள் தீப்பிடிக்கவும் கூடும். பட்டியலில் உள்ள அடுப்புதான், ஆனால் தெருவெல்லாம் புகை.

கணக்கு எளிது. அறையின் நீள, அகல, உயரத்தை மீட்டரில் அளந்து பெருக்கி 14ஆல் வகுங்கள். ஓரளவு குளிர்காப்புச் செய்த வீட்டுக்கு வேண்டிய கிலோவாட் அது. 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள அறை என்றால் 40 கனமீட்டர். 3 கிலோவாட்டுக்கும் குறைவாகவே வருகிறது. கடையில் 5 கிலோவாட் அடுப்பைத்தான் முதலில் காட்டுவார்கள். 3, 4 கிலோவாட்டிலும் நல்ல அடுப்புகள் உண்டு, கேளுங்கள். சிறிய அடுப்பை முழு வீச்சில் எரிப்பதுதான் சுத்தமான எரிப்பு. இன்னொரு விஷயம், 5 கிலோவாட்டைத் தாண்டினால் அறைச் சுவரில் நிரந்தரக் காற்றுத்துளை போட வேண்டும். காற்றுக் கசியாமல் இறுக்கமாகக் கட்டிய புது வீடு என்றால் எந்த அளவு அடுப்புக்கும் அது தேவை.

விலக்கு பெற்ற அடுப்புகள் பலவற்றின் காற்றுப் பிடியில் ஒரு சிறு தகடோ திருகோ வைத்திருப்பார்கள். பிடியை முழுக்க அடைக்க விடாமல் தடுப்பது அதுதான். இரவெல்லாம் தணல் கிடக்கட்டும் என்று சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். விலக்குச் சான்றின் நிபந்தனையே அந்தத் தகடு. அதைக் கழற்றினால் விலக்கும் போயிற்று. பிறர் பயன்படுத்திய அடுப்பை வாங்குகிறவர்கள் அது இருக்கிறதா என்று குனிந்து பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது விறகு. பச்சை விறகு புகையும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2021 மே 1 முதல், 2 கனமீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பையில் ‘ரெடி டு பர்ன்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தமாக வாங்கினால் அந்த உத்தரவாதம் இல்லை, நீங்களே காய வைக்க வேண்டும். ஓக் மரம் என்றால் அதற்கு இரண்டு ஆண்டு பிடிக்கும். இரண்டு ஊசி வைத்த ஈரமானி மலிவாகவே கிடைக்கிறது. அதை விறகின் வெளிப்பக்கத்திலோ வெட்டு முனையிலோ குத்தினால் ஏமாந்துபோவோம். அங்கேதான் முதலில் காயும். கட்டையைக் கோடரியால் பிளந்து, புதிதாகத் தெரியும் நடுமுகத்தில் ஊசியை அழுத்துங்கள். வெளியே 15 காட்டிய கட்டை உள்ளே 28 காட்டும். பழைய சமையலறைக் கதவு, வேலி, சாயம் பூசிய பலகை எதையும் அடுப்பில் போடாதீர்கள். பழைய வேலி மரங்கள் சிலவற்றில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கிறார்கள்.

மூட்டும் முறையிலும் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். பெரிய துண்டுகளைக் கீழே அடுக்கி, சுள்ளியை மேலே வைத்து, மேலிருந்து பற்ற வையுங்கள். கீழ் விறகிலிருந்து கிளம்பும் வாயு மேலே எரியும் தீயைக் கடந்துதான் போக வேண்டும், அதனால் தொடக்கப் புகையே குறைந்துவிடும். கால்மணி கழித்து வாசலுக்குப் போய் உங்கள் புகைபோக்கியை அண்ணாந்து பாருங்கள். அனல் நெளிவது மட்டும் தெரிய வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு சுத்தமாக எரித்தாலும் விறகு விறகுதான். புதிய தர அடுப்புகூட எரிவாயு வெப்பமூட்டியைவிட ஏறத்தாழ 450 மடங்கு நுண்துகளை வெளிவிடுவதாக இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரியின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், விலக்கு பெற்ற அடுப்புள்ள வீடுகளுக்குள்ளேயே அடுப்பு எரியும் நேரத்தில் நுண்துகள் அளவு ஏறுவதைக் கண்டார்கள். விறகு போடக் கதவைத் திறக்கும்போதுதான் அது குபுகுபுவென்று அறைக்குள் வருகிறது. தீ நன்றாக இறங்கித் தணலான பிறகு மெதுவாகத் திறந்து, போட்டதும் மூடுங்கள், அடிக்கடி திறக்காதீர்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையோ மூச்சிரைப்பு உள்ள பெரியவரோ வீட்டில் இருந்தால், வேறு வெப்பமூட்டி இருக்கும்போது விறகடுப்பு வாங்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. வீட்டுக்கே வேறு வெப்ப வசதி இல்லாதவர்கள், மின்சாரம் அடிக்கடி போகும் ஊரக வீட்டில் இருப்பவர்கள் நிலை வேறு.

வாங்குவது என்று முடிவானால், பொருத்துவதை நீங்களாகச் செய்யாதீர்கள். ஹெட்டாஸ் அமைப்பில் பதிவு செய்த பொருத்துநரைப் பிடியுங்கள். வேலை விதிப்படி நடந்ததற்கு அவரே சான்றிதழ் ஏற்பாடு செய்வார். வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். பதிவு இல்லாதவர்கள் பொருத்தினால் கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பழைய செங்கல் புகைபோக்கிக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அதே அறையில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைத் துப்புரவு செய்யுங்கள். அடுக்குமாடி வீட்டில் குத்தகை உரிமையில் இருப்பவர்கள் நில உரிமையாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் முன்பணம் கட்டிவிட வேண்டாம்.

அக்டோபர் வந்துவிட்டால் பொருத்துநர்கள் கிடைப்பது அரிது. சித்திரை, வைகாசியிலேயே ஒருவரை வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள். லண்டன் வரிசை வீடுகளில் மாடிக் கூரையை அறையாக்கிக்கொண்டவர்கள் அதிகம். பக்கத்து வீட்டுக்காரரின் புதுச் சன்னல் உங்கள் புகைபோக்கி வாய்க்கு நேராக வந்திருக்கலாம். புகைபோக்கி வாய்க்கும் சன்னலுக்கும் இருக்க வேண்டிய இடைவெளிக்குக் கட்டட விதி உண்டு. வருகிறவரை முதலில் வெளியே நிறுத்தி, அந்தச் சன்னலை அளக்கச் சொல்லுங்கள். இடைவெளி போதவில்லை என்றால் புகைபோக்கியை உயர்த்த எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அடுப்பின் விலையைக் கேளுங்கள்.