நேற்றைத் திருத்தலாமா?

நடுவர் அவர்களே! அணித் தோழர்களே! எதிரணியில் இப்போதே தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்ட நண்பர்களே! குடும்பத்தோடு வந்திருக்கும் பெருமக்களே!

"காலத்தைப் பின்னோக்கித் திருப்ப முடிந்தால் அது வரமே" என்றார் எதிரணித் தம்பி. கேட்டதும் முன்வரிசையில் ஓர் ஐயா ரொம்ப ஆசையாகத் தலையாட்டினார். பக்கத்திலிருந்த அம்மா ஒரு பார்வை பார்த்தார்கள் பாருங்கள்! எந்தத் தேதிக்குப் போகப்போகிறார் என்று அவர்களுக்குத் தெரியாதா? (சிரிப்பு)

சரி, போவோம். உங்கள் தாத்தா கல்யாணத்துக்கு முந்தின நாள் போய், அதை நிறுத்திவிட்டீர்கள். அப்பா பிறக்கவில்லை, நீங்களும் பிறக்கவில்லை. பிறக்காதவன் எப்படி ஐயா போய் நிறுத்தினான்? நிறுத்த ஆளில்லை என்றால் கல்யாணம் நடக்கும். நடந்தால் நீங்கள் பிறப்பீர்கள். பிறந்தால் போய் நிறுத்துவீர்கள்! செக்குமாடுகூட இப்படிச் சுற்றாது! (கைதட்டல்)

இன்னொன்று. நான் திருக்குறள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வள்ளுவரிடம் போகிறேன். அவர் அதைப் பார்த்து ஓலையில் எழுதிக்கொள்கிறார். அந்த ஓலைதான் நமக்குப் புத்தகமாக வந்தது என்றால், 1330 குறளையும் யோசித்தது யார்? அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. என்னால் முடியாது என்பது என் மாணவர்களுக்குத் தெரியும்! (சிரிப்பு)

"விஞ்ஞானம் வழி சொல்கிறதே" என்பார்கள். உண்மைதான். கர்ட் கெடல் என்ற கணித மேதை, ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளில் அப்படியொரு பாதை இருப்பதை 1949-இல் காட்டினார். ஆனால் அதற்குப் பிரபஞ்சமே சுழல வேண்டும். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. ஸ்டீபன் ஹாக்கிங் 2009 ஜூன் 28-இல் காலப் பயணிகளுக்கென்றே ஒரு விருந்து வைத்தார். விருந்து முடிந்த பிறகுதான் அழைப்பையே வெளியிட்டார்! எதிர்காலத்திலிருந்து ஒருவராவது வந்தாரா? ஒருவரும் வரவில்லை. நம்ம ஊர் விருந்தென்றால் அழைப்பே இல்லாமல் வந்திருப்பார்கள்! (பலத்த சிரிப்பு)

சிரித்தாயிற்று. இப்போது மனசைத் தொட்டுச் சொல்கிறேன். எனக்கும் ஒரு நாள் திரும்ப வேண்டும். அப்பா "வந்துட்டுப் போப்பா" என்று சொல்லி அனுப்பினார். "பேப்பர் திருத்தணும், நாளைக்கு வரேன்" என்றேன். அந்த நாளைக்கு அப்பா இல்லை.

திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன் என்றே வையுங்கள். பிறகு எனக்கு ஏது இந்த ஏக்கம்? ஏக்கம் இல்லாதவன் எதற்குத் திரும்பிப் போவான்? "மாற்றினால் வேறொரு உலகம் கிளை பிரியும்" என்று சிலர் சொல்கிறார்கள். பிரியட்டும். அந்த உலகத்து அப்பா மகனைப் பார்த்திருப்பார். இந்த உலகத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாரே என் அப்பா, அவர் காத்திருந்தது காத்திருந்ததுதானே!

அன்றிலிருந்து, அம்மா கூப்பிட்டால் பேனாவை மூடிவிட்டுக் கிளம்பிவிடுவேன். அந்தப் புத்தியைத் தந்ததே அழிக்க முடியாத அந்த நேற்றுதான். அதை அழித்தால் புத்தியும் சேர்ந்து அழியும். அது வரமா நடுவர் அவர்களே?

நேற்றைத் திருத்த வேண்டாம். நாளைக்கு நேற்றாகப் போகிறதே இந்த இன்று, இதைத் திருத்துவோம். வீட்டில் யாராவது உங்களுக்காகக் காத்திருந்தால், தீர்ப்பைக்கூடக் கேட்க வேண்டாம், கிளம்புங்கள்!

(நீண்ட கைதட்டல்)